சுண்ணாம்பு படியும் ரத்தக்குழாய்கள்

தொடையிலோ அடிவயிற்றிலோ வலைப்பின்னல் போல ஊதா நிறத்தில் ஒரு திட்டு. தொட்டால் கெட்டியாக இருக்கிறது. புடவை உரசினாலே உயிர் போகிற வலி. சில வாரங்களில் கறுத்துப் புண்ணாகிறது. சர்க்கரைப் புண் என்று நினைத்துக் கட்டுப்போட்டுக்கொண்டே இருந்து நாளைக் கடத்திவிடுகிறவர்கள் உண்டு.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அரிதாக வரும் இந்த நோய் கால்சிஃபைலாக்சிஸ். தோலுக்கடியில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களில் கால்சியம் படிந்து, ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது, சதை அழுகுகிறது. ஏறக்குறைய பாதிப்பேர் ஓராண்டைத் தாண்டுவதில்லை.

இதற்குச் சிகிச்சையாக, சயனைடு நச்சுக்கு முறிவான சோடியம் தயோசல்பேட்டை டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரத்தில் ரத்தநாளத்தில் ஏற்றுகிறார்கள். 2004-இல் ஒரு நோயாளிக்குப் பலன் கிடைத்த செய்தி வெளியானதும் இந்த வழக்கம் பரவியது. வலி குறைந்ததாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆயுள் கூடுகிறது என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முடிந்தவரை அதை நிறுத்துகிறார்கள். கால்சியம் படியாமல் காக்கும் புரதம் வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அதைத்தான் முடக்குகிறது.

இதெல்லாம் புண் வந்த பிறகு. படிவு தொடங்குவதோ பல ஆண்டுகளுக்கு முன்பே. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், டயாலிசிஸில் இருந்த 20 முதல் 30 வயதுக்காரர்கள் 16 பேரில் 14 பேருக்கு இதய ரத்தக்குழாய்களில் கால்சியம் படிந்திருந்தது. இருபது வயசுப் பிள்ளைகளுக்கு!

காரணங்களில் முக்கியமானது பாஸ்பேட். ரத்தத்தில் அது மிகுந்தால் ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் எலும்புச் செல்களைப் போல மாறத் தொடங்குகின்றன. வாரத்துக்கு மூன்று முறை, நான்கு மணி நேரம் இயந்திரம் சுத்தம் செய்கிறது. பாஸ்பேட்டோ ஏழு நாளும் சாப்பாட்டில் சேர்கிறது. பருப்பிலுள்ள பாஸ்பேட்டில் ஒரு பகுதிதான் உடலில் ஏறும். பாக்கெட் தின்பண்டங்களிலும் கோலாவிலும் கலக்கப்படுவது கிட்டத்தட்ட முழுதாக ஏறிவிடும். நோயாளிக்கு இதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரை சோற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால்தான் பலன். காலையில் வெறும் வயிற்றில் மற்ற மாத்திரைகளோடு விழுங்குவது வீண். கால்சியம் கலந்த மாத்திரை மலிவு. அளவு மிஞ்சினால் அதுவே படிவுக்குத் தீனி. கால்சியம் இல்லாத செவலமர் மாத்திரை அந்தச் சுமையைத் தருவதில்லை, விலைதான் கூடுதல்.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தால் ஏழைகளுக்கும் டயாலிசிஸ் எட்டியிருப்பது பெரிய காரியம். இலவச டயாலிசிஸ் என்றால் அதில் பாஸ்பேட், கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனைகளும் விலை கூடிய மாத்திரைகளும் சேர்ந்தே இருக்க வேண்டும். கூடவே, மாதம் ஒருமுறை திரையை இழுத்துவிட்டு, நோயாளியின் தொடையையும் வயிற்றையும் ஒரு நர்ஸ் பார்க்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.