ஆறின கஞ்சியும் யந்திரக் கண்ணும்

என்னிடம் பயிலும் மாணவன் ஒருவன் அண்மையில் தான் செய்த சிறு றோபோ வண்டியொன்றைக் கொண்டுவந்தான். நான்கு சக்கரங்களும், முன்புறத்தில் ஒரு கமராவும் உடைய வண்டி அது. அடுத்த அறையில் அமர்ந்து, கணினித் திரையில் தோன்றும் காட்சியைப் பார்த்தே அதனைச் செலுத்த வேண்டும். "ஐயா, படம் மிகத் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் வண்டி சுவரில் மோதிய பின்னரே சுவர் திரையில் தோன்றுகிறது. வேறு கமரா வாங்க வேண்டுமா?" என்று கேட்டான்.

வேண்டியதில்லை என்றேன். குற்றம் கமராவில் அன்று. காட்சியைக் கொண்டு செல்லும் மென்பொருளிலேயே உளது.

சிறிது கணக்குப் பார்ப்போம். அகலத்தில் 640 புள்ளிகளும் உயரத்தில் 480 புள்ளிகளும் கொண்ட வர்ணப் படம் ஒன்றுக்கு, புள்ளிக்கு 3 பைட்டு வீதம், 9,21,600 பைட்டுகள் வேண்டும். வினாடிக்கு 30 படங்களாயின் ஏறத்தாழ 2 கோடியே 76 இலட்சம் பைட்டுகள்! இச்சுமையைத் தாங்கமாட்டாத வானொலி அலைவழியில் படங்கள் வரிசையிலே காத்து நிற்கின்றன. முப்பது படங்கள் காத்து நின்றால், திரையில் நாம் காண்பது ஒரு வினாடிக்கு முந்திய உலகம். அதற்குள், வினாடிக்கு ஒரு மீற்றர் செல்லும் வண்டி ஒரு மீற்றர் முன்னேறிவிடும்.

இத்தொல்லை புதியதன்று. 1970 நவம்பரில் சோவியத் நாடு சந்திரனில் இறக்கிய லூனகோட் வண்டியைக் கிரைமியாவிலிருந்து ஒரு குழுவினர் செலுத்தினர். அவர்களுக்குக் கிடைத்தவை அசையாத படங்களே. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே 20 வினாடி வரை செல்லும். மணிக்கு 0.8 கிலோமீற்றர் என்னும் ஆமை வேகத்திலும் வண்டி அதற்குள் நான்கு மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும்! 1973இல் சென்ற இரண்டாம் லூனகோட்டில், 3.2 வினாடிக்கு ஒரு படம் அனுப்ப வகை செய்ததோடு, கமரா ஒன்றை உயரத்திலும் பொருத்தினர்.

நம் காலத்து மென்பொருளைத் திருத்தும் வழிகள் யாவை? முதலாவது, வரிசையை ஒழித்தல். புதிய படம் வந்ததும், அனுப்பப்படாத பழைய படத்தை இரக்கமின்றி எறிந்துவிட வேண்டும். இரண்டாவது, சுருக்கி அனுப்புதல். ஜேபெக் முறை ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே சுருக்கும். 2003இல் வெளிவந்த எச். 264 முறையோ, பெரும்பாலும் முந்திய படத்திலிருந்து மாறியவற்றையே அனுப்பிச் சுமையை வெகுவாகக் குறைக்கும். ஆனால் இடையில் ஒன்று தொலைந்தால், அடுத்த முழுப்படம் வரும்வரை காட்சி சிதையும். மூன்றாவது, தொலைந்த படத்தைத் திரும்பக் கேட்டுக் காத்திராமை. நான்காவது, ஒவ்வொரு படத்திலும் அது பிடிக்கப்பட்ட நேரத்தைப் பொறித்தல். வந்த படம் பழையதாயின் வண்டி தானே நின்றுவிடுமாறு செய்யலாம்.

இஃது விளையாட்டு வண்டியோடு முடியும் காரியமன்று. 2011இல் ஜப்பானின் புகுஷிமா அணுவுலை விபத்தின் பின்னர், கதிர்வீச்சு நிறைந்த கட்டடங்களுள் மனிதருக்குப் பதிலாகச் சென்றவை கமரா தாங்கிய றோபோக்களே. அத்தகைய இடத்தில் செலுத்துவோன் பழைய காட்சியை நம்பினால், மீட்கச் சென்ற யந்திரமே வழியை அடைத்துக் கிடக்கவும் கூடும்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது நம் முதுமொழி. யந்திரக் கண்ணுக்கும் அதுவே விதி: சற்று மங்கலாயினும் இந்தக் கணத்துக் காட்சியே வேண்டும். என் மாணவன் படத்தின் அளவைப் பாதியாக்கி, காத்திருக்கும் வரிசையையும் ஒன்றாகச் சுருக்கினான். புதிய கமராவுக்கென வைத்திருந்த பணம் அவனிடமே இருக்கிறது. வண்டியும் சுவருக்கு முன்னே நிற்கிறது.

மாணவர்களே, ஒரு கருவி தவறினால் அதனினும் விலையுயர்ந்த கருவியைத் தேடுமுன், தவறு எங்கே பிறக்கின்றது என்று கணக்கிட்டுப் பாருங்கள். கணக்குக்குச் செலவில்லை.