ஆனையிறவின் அரை மணித்தியாலம்

வன்னியில் எழுதப்பட்ட ஒரு பதிவில் '2000 ஏப்ரல் 22, காலை 9 மணி' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆனையிறவு முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்த நாள் அது. யுனிக்ஸ் வகைக் கணினியின் 'டேட்' கட்டளைக்கு 'ஏசியா/கொழும்பு' என்ற நேர வலயத்துடன் அதைக் கொடுத்தால், உலகப் பொது நேரம் அதிகாலை 3 மணி என்று சொல்லும். சரியான விடை 3.30. கட்டளையில் கோளாறு தேடிப் பயனில்லை. இலங்கை அரசு 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, ஒக்டோபரில் அதில் பாதியைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியோ உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய கணக்கையே விடாமல் வைத்திருந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் அவ்வழியே போனவர்கள் ஒரே நாட்டுக்குள் இரண்டு நேரங்களைக் கடந்தார்கள்.

கணினி உள்ளே 1970 முதலான நொடிகளைத்தானே எண்ணுகிறது, குழப்பம் எங்கே என்று கேட்கலாம். நாம் கொடுக்கும் உள்ளூர் நேரத்தை நொடியாக மாற்றும் இடத்திலேயே பிழை நுழைந்துவிடுகிறது. அரை மணித்தியாலம் பெரிதா என்றும் கேட்பார்கள். ஷெல் விழுந்த நேரத்தையும் ஒருவரைக் கடைசியாகக் கண்ட நேரத்தையும் ஒப்பிடும்போது, அது ஒரு சாட்சியத்தையே பொய்யாக்கிவிடும். வன்னிக்கென்று தனி வலயப் பெயர் கணினியில் இல்லை. ஆகவே போர்க்கால ஆவணங்களைக் கணினியில் ஏற்றுவோர், எந்தக் கடிகாரம் என்று முதலில் விசாரித்து, வன்னி நேரமானால் ஒவ்வொரு பதிவின் நேரத்துக்குப் பின்னும் +0530 என்று எழுதிவிட வேண்டும்.