மத்துக்கு ஒரு ஓவியம்!



ஓவியம் வரையச் சொன்னால் என்ன வரைவீர்கள்? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை! நான் ஆசிரியராக இருந்தவரை நோட்டு நோட்டாக இதைத்தான் பார்த்தேன். சமையலறையில் கிடக்கும் ஒரு மரச்சாமானை யாராவது வரைவார்களா?

வரைந்திருக்கிறார்கள், குழந்தைகளே!

அமெரிக்காவில் 1930களில் கடும் பொருளாதார நெருக்கடி. பல லட்சம் பேருக்கு வேலை போய்விட்டது. ஓவியர்களுக்கும் பிழைப்பு இல்லை. அரசே அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தது. சாதாரண மக்கள் செய்து, புழங்கிய பழைய பொருட்களை, உள்ளது உள்ளபடி வாட்டர் கலரில் வரைய வேண்டும். 1935 முதல் 1942 வரை இந்தப் பணி நடந்தது. நாற்காலி, வாளி, பொம்மை, வெண்ணெய் அச்சு என்று 18 ஆயிரத்துக்கும் அதிகமான ஓவியங்கள் சேர்ந்தன! இன்று அவை வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன.

வெண்ணெய் அச்சு என்றால் என்ன தெரியுமா? மரத்தில் பூவையோ, இலையையோ பள்ளமாகச் செதுக்கியிருப்பார்கள். அதில் வெண்ணெயை அழுத்தி எடுத்தால், பூ மேலெழும்பி நிற்கும். செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. ஆனாலும், தேய்ந்த விளிம்பையும், மரத்தின் ரேகையையும் விடாமல் வரைந்து, ஓவியர் அந்தக் கைகளுக்கு மரியாதை செய்தார்.

வாட்டர் கலர் அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. வெளிச்சம் படும் இடத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விட வேண்டும். முதலில் வெளிர் நிறம். காய்ந்த பிறகுதான் அடர் நிறம். தப்பானால் ரப்பரால் அழிக்க முடியாது. அதனால், வரையும் முன் நன்றாகப் பார்க்க வேண்டும்.

இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், 'போட்டோ மாதிரி இருக்கு' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தக் கை பிடித்துத் தேய்ந்தது, தாளின் வெள்ளை எங்கே தெரிகிறது என்று தேடுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மர மத்தோ, அஞ்சறைப் பெட்டியோ, மணையோ இருக்கலாம். எதிரில் வைத்து வரையுங்கள். யார் வாங்கியது, யார் புழங்கியது என்று பாட்டியிடம் கேட்டுப் படத்தின் கீழே எழுதுங்கள்.

மலையும் சூரியனும் நாளைக்கும் இருக்கும். பழைய சாமான்காரர் வந்துபோன பிறகு, மத்து இருக்குமா?

அதனால், இந்த ஞாயிறு முதலில் மத்து... சரிதானே, குழந்தைகளே!