லாட்ஜ் சாவி

'ஸி' மொழியில் புரோகிராம் எழுதும் இளைஞர்களுக்கு நான் சொல்வது: பாயின்ட்டர் என்பது லாட்ஜ் சாவி, ரூம் அல்ல.

'மால்லாக்' ரூம் கொடுக்கும். இடமில்லையென்றால் 'நல்' என்று கையை விரிக்கும். 'மதுரை' ஆங்கிலத்தில் ஏழெழுத்துதானே என்று 7 பைட் கேட்காதீர்கள். 8 கேளுங்கள், கடைசியில் ஒரு பூஜ்யமும் படுத்தாகணும். 1988-ல் மாரிஸ் புழு இன்டர்நெட்டில் பரவிய வழிகளில் ஒன்று, 512 பைட் இடத்தில் 536 பைட்டைத் திணித்தது.

'ஃப்ரீ' செய்தால் ரூம் காலி. சாவி மட்டும் பாக்கெட்டிலேயே இருக்கும். மறந்துபோய்த் திறந்தால் உள்ளே வேறு குடும்பம்! சமயத்தில் ரூம் காலியாகவே இருந்து தொலைக்கும். அதுதான் ஆபத்து: உங்க மெஷினில் ஜோராக ஓடும், கஸ்டமர் மெஷினில் படுத்துக்கும்.

'ஃப்ரீ' செய்த கையோடு பாயின்ட்டரில் 'நல்' போட்டுவிடுங்கள். டூப்ளிகேட் சாவி வைத்திருந்தால், அது உங்கள் பாடு!