மரக்கடையில் பிறந்த பந்தயக் கார்



2025 ஜூலை மாதம் ஜப்பான் நாட்டில் ஷுன்சாகு தமியா என்ற பெரியவர் தமது 90-ஆம் வயதில் காலமானார். ரேடியோ அலையால் ஓடும் விளையாட்டுப் பந்தயக் கார்களை உலகமெங்கும் விற்ற தமியா நிறுவனத்தை நெடுங்காலம் நடத்தியவர் அவர். துவரம் பருப்பும் வெல்லமும் விற்கிற நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. தமியா ஒரு குடும்பக் கம்பெனி. தொடங்கும்போது அது வெறும் மரக்கடை.

ஷிசுவோகா என்பது பச்சைத் தேயிலைக்கும் மர வேலைக்கும் பேர் போன ஊர். அங்கே 1946-இல் யோஷியோ தமியா மரம் அறுத்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். மரத்தில் கப்பல், விமானம் முதலிய மாதிரிகள் செய்து விற்பதைப் பக்கத் தொழிலாக வைத்துக்கொண்டார். 1951-இல் தீப்பிடித்துச் சரக்கெல்லாம் சாம்பலானது. இரண்டு ஆண்டுகளில் மர வியாபாரத்தை அடியோடு விட்டுவிட்டு, பக்கத் தொழிலையே முழுத் தொழிலாக்கினார்.

அதோடு சோதனை தீரவில்லை. பிளாஸ்டிக் மாதிரிகள் வந்து மரத்தின் சந்தையைப் பிடித்துக்கொண்டன. 1960-இல் தமியாவும் பெரும் செலவில் அச்சு செய்து, 'யமாட்டோ' போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தது. போட்டிக் கம்பெனி அதே கப்பலை விலை குறைத்து விட்டதால் நட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சரக்கில் இறங்கினார்கள். மோட்டார் வைத்து ஓடும் டாங்கி அது. பெட்டியின் மேல் படம் வரைய நாடறிந்த ஓவியரையே பிடித்தார்கள். சேர்த்துப் பூட்டும் முறையைச் சிறுவனுக்கும் புரியும்படி தாளில் அச்சிட்டு உள்ளே வைத்தார்கள். அதுதான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது.

மகன் ஷுன்சாகு கல்லூரி முடித்துத் தொழிலுக்கு வந்தபோது, சரக்கை வடிவமைக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. தம்பி மாசாவோ சிவப்பும் நீலமுமான இரட்டை நட்சத்திரச் சின்னத்தை வரைந்து கொடுத்தார். இன்றும் அதே சின்னம்தான். போர்ஷே காரின் மாதிரியைச் செய்ய வேண்டி, ஷுன்சாகு உண்மையான போர்ஷே கார் ஒன்றையே விலைக்கு வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி அளவெடுத்தார். அந்த மாதிரிக்குச் செய்த அச்சைக்கொண்டே 1976-இல் முதல் ரேடியோ காரை வெளியிட்டார்கள். அதுவரை ரேடியோ கார் என்பது பெரும்பாலும் எண்ணெய் எஞ்சினில் ஓடும், வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு. தமியா கொண்டுவந்தது பேட்டரியில் ஓடுவது. நடுத்தரக் குடும்பத்துப் பையனும் அப்பாவிடம் கேட்டு வாங்கலாம் என்ற நிலை வந்தது. 1982-இல் இன்னும் கீழே இறங்கி, பள்ளிப் பிள்ளையின் கைச்செலவுக் காசுக்கே கிடைக்கும்படி 'மினி நாலு சக்கர' வண்டியைக் கொடுத்தார்கள். அது கோடிக்கணக்கில் விற்றது.

கார் விற்றதோடு அவர்கள் கைகழுவிவிடவில்லை. பல் சக்கரம், அச்சாணி, டயர் என்று ஒவ்வோர் உதிரிப் பாகத்தையும் தனித்தனியே விற்றார்கள். உடைந்தால் பாகத்தை மட்டும் வாங்கி மாட்டினால் போதும். 1984-இல் வந்த 'கிராஸ்ஹாப்பர்' என்ற வண்டியை 2005-இல் மறுபடியும் விற்பனைக்கு விட்டபோது, சிறு வயதில் அதை ஓட்டியவர்கள் தம் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு வாடிக்கையாளரின் அடுத்த தலைமுறையும் நம் கடைப்படியில் ஏறுகிறது என்றால், அதற்கு மேல் வியாபாரத்தில் என்ன பெருமை வேண்டும்?

இதெல்லாம் ஜப்பானியனுக்குத்தான் முடியும் என்று சொல்லி நாம் நழுவ முடியாது. நமது கடலூரிலேயே இதற்கு ஈடான கதை இருக்கிறது. சின்னி கிருஷ்ணன் என்பவர் இங்கே மருந்து, அழகுப் பொருள்களைச் சிறு அளவில் செய்து வந்தவர். கூலி வேலை செய்பவரும் வாங்கக்கூடிய அளவில் சரக்கைப் பொட்டலமாக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் மறைவுக்குப் பின் மக்கள் 'வெல்வெட்' ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கெல்லாம் ஷாம்பு போய்ச் சேர்ந்தது. சகோதரர்களோடு கருத்து ஒத்துப்போகாமல் வெளியேறிய சி.கே. ரங்கநாதன், 15,000 ரூபாய் முதலில் 1983-இல் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் 'கெவின்கேர்' நிறுவனமாக வளர்ந்தது.

அந்த நாளைய மளிகைக் கடைக்காரர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். எந்தக் கம்பெனியின் ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு 'சிக்' இலவசம் என்றார்கள். சரக்கு ஓட்டம் பிடித்த பிறகு, 'சிக்' காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். அந்தத் திட்டம் நடந்தது நம்மைப் போன்ற கடைக்காரர்களின் கல்லாப்பெட்டி ஓரத்தில்தான்.

ஷிசுவோகாவையும் கடலூரையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குத் தெரிவது என்ன? இரண்டு குடும்பமும் பெரும் முதலோடு தொடங்கவில்லை. இரண்டும் வாங்குபவரின் பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி சரக்கை அமைத்தன. இரண்டிலும் அடுத்த தலைமுறை கல்லாவில் மட்டும் உட்காராமல், தனக்கென ஒரு சரக்கை உண்டாக்கியது.

இங்கேதான் நமது நிலையை எண்ணிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரிலும், கடலூர் முதுநகரிலும், சிதம்பரம் நான்கு வீதிகளிலும் தந்தை பெயரில் நடக்கும் கடைகள் எத்தனையோ உண்டு. 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் தாங்கி நின்ற கடைகள் அவை. புயலுக்கு அசையாத கடை, மகன் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போனதும் ஷட்டரை இறக்கிவிடுகிறது. "இந்தக் கஷ்டம் நம்மோடு போகட்டும்" என்று நாமே பிள்ளைகளிடம் சொல்லி வளர்த்துவிட்டு, பிறகு கடையைப் பார்க்க ஆள் இல்லை என்று சங்கக் கூட்டத்தில் வருந்தினால் சரியாகுமா?

பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திக் கடையில் உட்கார வைக்கச் சொல்லவில்லை. வருகிற பிள்ளைக்கு மூட்டை எண்ணும் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள் என்கிறோம். ஒரு சரக்கை, அதன் கொள்முதல் முதல் வசூல் வரை, முழுப் பொறுப்பாக ஒப்படையுங்கள். லாபமோ நட்டமோ அவர் கணக்கில் எழுதட்டும். நாம் விற்கிறவர்கள்தானே, செய்கிறவர்களா என்று தயங்க வேண்டாம். தமியாவும் மரம் விற்றவர்தான். பண்ருட்டி முந்திரி நம் மாவட்டத்துச் சரக்கு. உரிய உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற்று, தரம் பிரித்து, சொந்தப் பெயரில் சிறு பாக்கெட் போடுவதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டியதில்லை.

அண்ணன் தம்பி பிரிவதையும் குடும்பத்துக்கு வந்த கேடாக எண்ண வேண்டாம். பிரிந்து போன ஒருவரால் இந்த ஊருக்குப் பெயர் கிடைத்ததைப் பார்த்தோம். கணக்கைத் தீர்த்து, பாத்தியதைகளை எழுத்தில் வைத்துக்கொண்டு, பேச்சுவார்த்தை கெடாமல் பிரிவதே அழகு. பற்று வரவை வாய்மொழியாக வைத்துக்கொண்டு, அப்பா கண்ணை மூடியதும் கோர்ட் படி ஏறுவதால்தான் கடைகள் அழிகின்றன.

விளையாட்டுச் சாமான் பற்றியும் ஒரு வார்த்தை. ஆனித் திருமஞ்சனம், மார்கழி தரிசனத் தேர் நாட்களில் சிதம்பரம் வீதிகளில் பேட்டரிக் கார்கள் நன்றாக விற்கும். மளிகைக் கடை வாசலில் சரம் கட்டித் தொங்கவிடுவோரும் உண்டு. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான விளையாட்டுச் சாமானுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயமாகிவிட்டது. இறக்குமதி வரியையும் 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தினார்கள். உள்நாட்டில் செய்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. முத்திரை இல்லாத மலிவுச் சரக்கை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். பில்லோடு வாங்குங்கள். விற்ற கார் ஓடவில்லை என்று பிள்ளை திரும்பி வந்தால் விரட்டாதீர்கள். அந்தப் பிள்ளைதான் இன்னும் இருபது ஆண்டுகளில் நம்மிடம் மாத மளிகை வாங்கப் போகிறவர்.

பெரிய அங்காடிகளும், செல்போனில் சொன்னால் வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரமும் நம்மை நெருக்குவது உண்மை. அவர்களோடு விலையில் மோதி நம்மால் நெடுநாள் நிற்க முடியாது. வாங்குபவரின் பையை அறிவது, விற்ற பொருளுக்குப் பின்னும் பொறுப்பாக நிற்பது, பிள்ளைகளை நம்பிப் பொறுப்பைக் கொடுப்பது ஆகிய மூன்றும் நம் கையில் இருக்கின்றன. இதற்கு எந்த அரசாணையும் வர வேண்டியதில்லை. அடுத்த புதுக்கணக்குப் பூஜையன்று, புது நோட்டில் ஒரு பக்கத்தைப் பிள்ளையின் பெயருக்கு ஒதுக்கி எழுதித் தொடங்குவோம்.