செருப்புக்காகக் காலை வெட்டலாமா?

கொல்கத்தாத் தமிழர்களில் அம்பாசடரை இன்னும் விற்காமல் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் நின்றுபோனபின் புது வண்டி ஏது? இருப்பதைச் சீர் செய்துதான் ஓட்ட வேண்டும். அப்படிச் சீர் செய்கையில் நம்மில் பலர் செய்யும் ஒரு தவற்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். முதல் குற்றவாளி நானேதான்.

பழைய அம்பாசடரில் கியர், ஸ்டியரிங் தண்டோடு இருந்தது. நாலே கியர். முன்னால் ஒரே நீள சீட்டு. டிரைவரோடு மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். 1990-களின் தொடக்கத்தில் இஸுஸு எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தபோது கியர் தண்டு தரைக்கு இறங்கிற்று. என் வண்டி அந்த ரகம்; முன்னால் இரண்டு தனித்தனி சீட்டு. நடுவே இருக்கும் சந்து வெறும் காலியிடம் அல்ல, கியர் தண்டு நடமாடும் இடம். இதைத்தான் மறந்தேன்.

சீட்டில் ஸ்பிரிங் தொய்ந்து, ரெக்ஸின் வெடித்துவிட்டது. மல்லிக் பஜார் பக்கம் ஒரு சீட்டு மிஸ்திரியிடம் விட்டேன். "நல்ல மெத்தென்று இருக்கட்டும், ஓரங்கள் தூக்கலாக வேண்டும்" என்று சொன்னதும் நானே. மனிதர் வஞ்சகமில்லாமல் ஃபோம் திணித்தார். பார்க்க ஏக அழகு! கடை வாசலிலேயே ஐந்து கியரும் போட்டுக் காட்டினார். எல்லாம் ஒழுங்காக விழுந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மனைவியுடன் ஹௌராப் பக்கமிருந்து வித்யாசாகர் சேது ஏறுகிறேன். இரண்டாவது கியர் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கியர் நழுவிவிட்டது. பின்னால் ஒரு பஸ். மறுபடி போட்டேன், மறுபடி நழுவிற்று. கடைசியில் தண்டைக் கையால் இழுத்துப் பிடித்தபடியே மேலே ஏறினேன். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிட வேறென்ன வேண்டும்!

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் புரிந்தது. காலி சீட்டின் அளவு வேறு, ஆள் உட்கார்ந்த சீட்டின் அளவு வேறு. எடை ஏறியதும் ஃபோம் பக்கவாட்டில் பிதுங்குகிறது. போதாததற்கு, என் மனைவி உயரம் குறைவு. சீட்டை முன்னால் தள்ளிக்கொள்வாள். இரண்டாவது கியருக்குத் தண்டு இடப்பக்கமாகப் பின்னால் வரவேண்டும். பிதுங்கிய ஓரம் அதை முழுதாக வரவிடவில்லை. பற்கள் பாதிதான் கோத்துக்கொள்கின்றன. மேட்டில் சுமை வந்ததும் கழன்றுவிடுகின்றன. கடை வாசலில் சோதித்தபோது அந்த சீட்டு காலியாக இருந்தது.

மிஸ்திரியிடம் போனால் அவர் யோசிக்கவே இல்லை. "தண்டைச் சூடுகாட்டி முன்பக்கம் வளைத்துவிடுகிறேன், பத்து நிமிஷ வேலை" என்றார். எல்லோரும் அப்படித்தான் செய்துகொள்கிறார்களாம். பக்கத்துக் கடைக்காரர், தண்டைக் குட்டையாக வெட்டச் சொன்னார். எனக்கு இரண்டும் சம்மதமில்லை. வளைத்தால் முதல் கியருக்கும் மூன்றாவதற்கும் டாஷ்போர்டு வரை கையை நீட்ட வேண்டும். வெட்டினால் கியர் போடவே அதிக பலம் வேண்டும். வண்டியை நடத்துகிற உறுப்பை, உட்காருகிற மெத்தைக்காகச் சிதைப்பது என்ன நியாயம்? விட்டுக்கொடுக்க வேண்டியது சீட்டுதான்.

தையலைப் பிரித்து, உள் ஓரத்து ஃபோமைச் சீவி, அங்கே மட்டும் கெட்டி ஃபோம் வைத்து, ரெக்ஸினைச் சட்டத்தோடு இழுத்துத் தைக்கச் சொன்னேன். கூடுதல் கூலி கேட்டார். கொடுத்தேன், மெத்தென்று கேட்டது நான்தானே.

சீட்டு மாற்றப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய சீட்டு வண்டியில் இருக்கும்போதே, தண்டு எதுவரை வருகிறது என்று ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்து, அந்தச் சந்தின் அளவுக்கு அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் இரண்டு சீட்டிலும் ஆளை உட்காரவைத்து, சீட்டுகளை முன்னால் தள்ளி, ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். ஒரு மேடு ஏறி இறங்கிய பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். மிஸ்திரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நான் வெட்டிய அட்டை வீட்டில் இருக்கிறது. இஸுஸு வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் கேட்டால் தருகிறேன்.