டாபர்மேனுக்கு எக்கோ எதற்கு?

மாலையில் நாயோடு நடக்க வரும் என் வயதுக்காரர்கள் பலர் அந்த நாயைத் தாமாக வாங்கியவர்கள் இல்லை. பிள்ளை ஆசையாக வாங்கினான், வேலை கிடைத்து வெளியூர் போனான், டாபர்மேன் அப்பா கைக்கு வந்துவிட்டது. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

டாபர்மேன், கிரேட் டேன் போன்ற பெரிய ஜாதி நாய்களுக்கு இதயத் தசை நோய் அதிகம். தசை வலுவிழந்து இதயம் விரிகிறது. ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைகிறது. ஐரோப்பிய டாபர்மேன்களில் பாதிக்கு மேல் ஆயுளில் என்றாவது இதற்கு ஆளாகின்றன என்று 2010-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

நோய் தெரிந்ததும் எல்லோரும் கேட்பது, "டாக்டர், இன்னும் எத்தனை நாள்?" நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்க ஆரம்பித்தபின் கேட்டால், பதில் பெரும்பாலும் மாதக்கணக்குதான். சில நாய்கள் அதுவரைகூட வராமல், துடிப்பு தாறுமாறாகித் திடீரென விழுந்து இறந்துவிடும்.

ஆனால் அதற்கு முன்பே, வெளியே ஒன்றும் தெரியாமல் நோய் வருடக்கணக்கில் உள்ளே இருக்கும். நாய் ஓடும், சாப்பிடும், கேட்டருகே குரைக்கும். கேட்க வேண்டிய காலம் அதுதான். அந்தக் கட்டத்திலேயே பிமோபென்டான் மாத்திரை கொடுத்த டாபர்மேன்களை ஓர் ஆய்வு கவனித்தது. 2012-ல் முடிவு வந்தது. இதயம் செயலிழக்கவோ திடீர் மரணம் நேரவோ, இடைநிலை அளவாக 718 நாள் ஆனது. மருந்தில்லாத மாத்திரை கொடுத்தவற்றுக்கு 441 நாள். நோய் குணமாகாது. ஆனாலும் நாயின் ஆயுளில் ஒன்பது மாதம் சின்னக் கணக்கா?

"நாய்க்கு எக்கோவா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. நமக்கு வருடாவருடம் ஈசிஜி எடுக்கிறோமே, நெஞ்சு வலித்த பிறகா எடுக்கிறோம்? மூன்று வயது தாண்டிய டாபர்மேனுக்கு வருடம் ஒரு முறை எக்கோவும், 24 மணி நேரத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் பரிசோதனையும் செய்வதே முறை என்பது என் கருத்து. செலவுதான், எல்லா ஊரிலும் வசதியும் இல்லை. வாங்கிய பிள்ளையிடம் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

செலவில்லாத ஒன்றும் உண்டு. நாய் நன்றாகத் தூங்கும்போது கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். மறுபடி மறுபடி அதைத் தாண்டினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.